கைகள் மட்டும்

ராக்காயியின் முகம் வேண்டாம், கைகள் மட்டும் போதும் என்றார் படம் பிடிக்கிற துரை.

அதைத் தமிழில் சொன்னவர் கணக்கப்பிள்ளை சிதம்பரநாதன். முகம் ஏன் வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே பெரியகங்காணி அழகன் பதில் சொன்னான்.

“ஒம் மூஞ்சியப் பாத்தா சீமையில எவனுக்கும் தேத்தண்ணி எறங்காதுடி.”

மலையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காதவளுக்கு நாளைக்குக் கொழுந்து பறிக்கக் கல்லும் சரிவுமான நிரை கிடைக்கும்.

முகம் அழகனின் மகள் பூரணியுடையது. பிறந்ததிலிருந்து ஒரு கொழுந்துகூடக் கிள்ளாதவள். பனி விலகியதும் அவளைச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தி, சிரிக்கவைத்து, பிடித்து முடித்துவிட்டார்கள். அவள் போட்டிருந்த முழுக்கை ரவிக்கை இப்போது ராக்காயியின் மேல் இருந்தது. அக்குளில் இறுக்கியது.

முகம் ஒரு துண்டு, கை ஒரு துண்டு என்று விளக்கினார் கணக்கப்பிள்ளை. இப்படிக் கிட்டத்தில் வைத்துப் பிடிப்பதற்குக் குளோசப் என்று பேர். பிறகு இரண்டையும் வெட்டி ஒட்டுவார்கள். பார்க்கிறவன் பூரணிதான் கொழுந்து பறிக்கிறாள் என்று நினைப்பான். அதனால் உடுப்பில் ஒரு நூல்கூட மாறக்கூடாது. அதைப் பார்த்துச் சொல்வதும் கணக்கப்பிள்ளையின் வேலை.

கைகளைச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கழுவினாள். பதினாறு வருடக் கறை, போகவில்லை.

ஆடித் திருவிழாவுக்குள் படம் வந்துவிடும் என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார். தேயிலை ஸ்டோர் வாசலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டுவார்கள். ஒரு கை கதவு அளவுக்குத் தெரியுமாம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய் அழகன் சொல்லிவிட்டான். ஒருத்தர் பாக்கியில்லாமல் வர வேண்டும்.

அதே ஸ்டோர் வாசலில்தான் மூன்று மாதத்துக்கு முன்பு அவள் புருஷனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள்.

அவன் திருடவில்லை. குடித்துவிட்டு யாரையும் அடிக்கவில்லை. வேலை முடிந்து வந்து, லயத்து வாசலில் கரிக்கட்டியால் எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். தன்னுடைய பேரையே முதல் பாடமாக எழுதிக்காட்டினான். அது வந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்பான். பாதி லயம் அதைப் படித்துவிட்டது. எழுத்துப் படித்தவன் நாளைக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிற செக்ரோலையும் படிப்பான் என்று அழகன் போய்த் தோட்டத்துப் பெரிய துரையிடம் சொன்னான்.

அழகன் கைநாட்டு.

விரட்டிய மறுநாள், ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில், ராக்காயி புருஷன் பேர் இனி யார் வாயிலும் வரக்கூடாது, வந்தால் அவர்களுக்கும் சீட்டு என்றான். கணக்கப்பிள்ளை செக்ரோலில் அந்தப் பேரைச் சிவப்பு மையால் அடித்தார். அன்றிலிருந்து யாரும் சொல்லவில்லை. ராக்காயியாலும் சொல்ல முடியவில்லை. பெண்சாதி வாயால் சொல்லாத பேர் அது.

இப்போது அவன் நல்லதண்ணி ஊரில், யாத்திரைக்கு மலையேறுகிறவர்களின் மூட்டையைச் சுமக்கிறான். வேறு தோட்டம் கிடைத்ததும் கூட்டிக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அதுவரை இந்த லயத்துக் காம்பராவை விட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை.

முதல் தடவை கொழுந்து கூடைக்கு வெளியே விழுந்தது. துரை ‘கட்’ என்று கத்தினார். இரண்டாம் தடவை மேகம் மறைத்தது. மறுபடியும் ‘கட்’. வெளிச்சம் போதாதென்று, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் ஒட்டிய பலகையை அழகனிடமே கொடுத்தார்கள். மகளின் படத்துக்காக அவன் அதைச் சாமி தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றான்.

கோபம் முகத்தில் மட்டும்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் தடவைக்கு முன், ராக்காயி வலது கை ரவிக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள்.

கிள்ளினாள். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடையில் எறிந்தாள். எறியும்போது உள்ளங்கையும் முன்கையும் படப்பெட்டியின் பக்கம் திரும்பின.

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அடங்கினார்கள்.

துரை பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். அவள் கையைக் காட்டி ஏதோ கேட்டார். குரலில் சந்தோஷம் இருந்தது.

கணக்கப்பிள்ளை கிட்டே வந்தார். ரவிக்கை முன்பு மணிக்கட்டு வரை இருந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். குனிந்து பார்த்தார். அவர் உதடுகள் ஒரு தடவை அசைந்து நின்றன.

அவளைப் பார்த்தார். அவள் கண்ணை இறக்கவில்லை.

பிறகு துரையிடம் இங்கிலீசில் சொன்னார். அதில் ‘பிளவர்’ என்ற ஒரு சொல்தான் அவளுக்கு விளங்கியது. பங்களாப் பூந்தோட்டத்தில் கேட்ட சொல். ரவிக்கையைப் பற்றி அவர் பேசியதாகத் தெரியவில்லை.

துரை பெட்டியைத் தூக்கிவந்து, ஒரு முழத் தூரத்தில் அவள் கைக்கு நேரே வைத்தார்.

“தொரை என்னங்கய்யா சொல்றாரு?” என்று கேட்டான் அழகன்.

“வெளிச்சம் பத்தலையாம் கங்காணி. கைக்கு நேரா அடிங்க.”

அழகன் பலகையைத் திருப்பினான். வெயில் மொத்தமும் அவள் முன்கையில் வந்து விழுந்தது. கலியாணமான மறுமாதம், கொட்டகலைத் திருவிழாவில் குறத்தியிடம் குத்திக்கொண்ட பச்சை. அழகன் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஏதோ கோலம் என்று விட்டிருக்கிறான். குறத்திக்கும் எழுத்துத் தெரியாது. ராக்காயியின் கையில் கரிக்கட்டியால் முதலில் எழுதிக்காட்டியது அவள் புருஷன்.

நான்கே எழுத்து.

மூக்கன்.

அழகன் பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.