நாலாவது ஆல்பத்திலிருந்து

"இந்தப் பொம்பளைய யாராவது பின்னாடியிருந்து துரத்துறாங்களாடா?"

விமர்சகர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார். 'விமர்சகர்' என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர்.

எதிரே நின்ற எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தானேடா பாடியிருக்காங்க?"

"என்னத்த நல்லா? மூச்சு விடவே நேரமில்ல. போன வாரம் குடுத்தியே, அந்தப் புல்லாங்குழல்காரனும் இதே லட்சணம்தான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுறான். அதுக்கு முந்தி ஒருத்தன், தாலாட்டுங்கிற பேர்ல குழந்தையைத் தூக்கிட்டே ஓடுறான். எங்கேயிருந்துதான் பொறுக்கிட்டு வர்றியோ!"

இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒருவர் பட்டம் வாங்கி, கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு வந்தார். இன்னொருவன் அதே அலுவலகத்தில் விளக்கும் விசிறியும் பழுது பார்க்கிறான். மதியம் சாப்பாட்டுக் கூடத்து ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதும் அவன்தான். யாரும் சொல்லிச் செய்கிற வேலையில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவன் காலையில் எழுந்திருக்கிறானோ என்று தோன்றும்.

வாரம் ஒரு புது ஆல்பத்தைப் பென்டிரைவில் ஏற்றி நண்பனிடம் நீட்டுவான். "கேட்டுட்டு என்ன தோணுதுன்னு சொல்லு."

சொல்வதோடு விட்டால் அவர் விமர்சகர் இல்லையே! 'புதிதாகக் கேட்டவை' என்று தலைப்பிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். ஒரு மணி நேரக் கூட்டத்தை நாற்பதே நிமிடத்தில் கேட்டு முடிக்கிற காது. அதற்கொரு மரியாதை வேண்டாமா?

மூன்றாவது தாளைப் படித்த மேலாளர், விமர்சகரைப் போலவே சாப்பாட்டுக் கூடத்தின் பக்கமே வராதவர், அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இவ்வளவு மட்டமான பாட்டையா நம்ம ஆளுங்க கேக்குறாங்க? மொத்தமா நிறுத்திடலாமா?"

"ஒரு மாசம் டைம் குடுங்க சார். அவனை நான் தேத்திடறேன்."

அறைக்கு வந்ததும் நண்பனைப் பிடித்தார். "உன் பாட்டுக்கு வேட்டு வெக்கப் பார்த்தாங்க. நான்தான் காப்பாத்திக் குடுத்திருக்கேன். இனிமேலாவது தரமா கொண்டு வா."

எலக்ட்ரீஷியனின் முகம் செத்துப்போயிற்று. மேஜையிலிருந்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தான். குனிந்து கணினித் திரையைப் பார்த்தான். பிறகு, "சரிடா" என்று போய்விட்டான்.

நாலாவது ஆல்பம் வந்தது. விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'ஒருவழியாக நிதானம் கற்றிருக்கிறார்கள்' என்று ஒட்டினார். ஐந்தாவதுக்கு, 'ஒவ்வொரு சொல்லும் இடமறிந்து உட்கார்கிறது.' ஆறாவதைப் பற்றி எழுதியதை, வழியில் போனவர்களை நிறுத்திப் படித்தே காட்டினார்.

"படிக்காத பய, அவனுக்கு என்ன தெரியும்? திட்டித் திட்டித்தான் ரசனைன்னு ஒண்ணை உள்ள இறக்கியிருக்கேன்."

மாதக் கடைசியில் மேலாளரே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். "ஆறாவதுன்னு ஒண்ணைப் புகழ்ந்து தள்ளியிருக்கீங்களே, அதைப் போடுங்க. கேட்டுட்டு முடிவு பண்றேன்."

எலக்ட்ரீஷியன் அவசரமாகப் போனை எடுத்தான். விமர்சகர் முந்திக்கொண்டார். "நீ இருப்பா, என்கிட்டயே இருக்கு." பென்டிரைவை ஸ்பீக்கரில் செருகினார்.

பாடகர் வாயைத் திறந்தார். முதல் சொல்லை முடிப்பதற்குள் மேலாளர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டார்.

"தூக்க மாத்திரை போட்டுட்டுப் பாடுறாரோ?" என்று ஒரு குரல். கூடமே சிரித்தது.

மேலாளர் சிரிக்கவில்லை. "என்னங்க இது? இதுக்கா இவ்வளவு பாராட்டு?"

விமர்சகர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரல் நண்பனை நோக்கி நீண்டது. "இவன் குடுத்த ஃபைல் சார்!"

"ஆமா சார், காப்பி பண்ணும்போது நான்தான் கெடுத்துட்டேன்" என்றான் எலக்ட்ரீஷியன். "சார் எழுதினது சரிதான். நல்ல ஃபைல் என் போன்ல இருக்கு."

போட்டான். சிரிப்பு அடங்கியது. இரண்டாவது பாட்டில் மேலாளரின் விரல் மேஜையில் தாளம் போட்டது.

"சரி, பாட்டு இருக்கட்டும். ஆனா ஒண்ணுப்பா, இனிமே இவரைக் கேக்காம எதையும் போடாத."

அறைக்குத் திரும்பியதும் விமர்சகர் கதவைச் சாத்தினார். "ஏண்டா, என் மானத்தையே வாங்கப் பார்த்தியே! எனக்கு மட்டும் எதுக்குடா கெட்டுப்போன ஃபைலைக் குடுத்தே?"

எலக்ட்ரீஷியன் கணினித் திரையின் ஓரத்தைக் காட்டினான். வேகம் ஒன்றரை மடங்கு என்றிருந்தது. கூட்டப் பதிவுகளைச் சீக்கிரம் முடிப்பதற்காக என்றைக்கோ வைத்தது. அப்படி வைத்ததே விமர்சகருக்கு மறந்துபோயிருந்தது.

"நாலாவது ஆல்பத்துலேர்ந்து எல்லாத்தையும் மெதுவாக்கித்தான் உனக்குக் குடுக்குறேன். இதுல ஓட்டினா சரியா கேக்கும்."

விமர்சகருக்குக் காது சூடாகியது. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"அதுக்குள்ள மூணு தாளை ஒட்டிட்டியே. உன்னைத் திருத்துறதைவிடப் பாட்டைத் திருத்துறது சுலபமா இருந்துச்சு."