ஏழாம் நம்பர் மலையில் ஒரு செடி

"இந்தச் செடியை எங்க கண்டனீங்கள், அம்மா?"

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த விவசாய அதிகாரி சாருஜன் கேட்டார். அவர் கையில் ராக்காயி கொண்டுவந்து கொடுத்த முள் கிளை, மஞ்சள் பூவோடு.

"இந்தா, இந்த மலையிலதாங்க. உள்ளுக்குள்ள மண்டிக் கெடக்கு," என்றாள் ராக்காயி, முதுகிலிருந்த கொழுந்துக் கூடையை இறக்காமலே.

எதிரே ஏழாம் நம்பர் மலை. தேயிலையைக் கைவிட்டு ஆறு வருஷம். ஆள் உயரத்துக்குப் புதர்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி சிரித்தார்.

"இவ பேச்ச நம்பாதீங்க சார். இந்த மலையைத் துப்புரவு பண்ணணும்னு மூணு வருஷமா ஆபீஸ் வாசல்ல நிக்கிறா. போன மாசம் குளவி கொட்டினதுல இருந்து இன்னும் மோசம்."

"கொட்டினதுல அழகம்மா செத்துப் போனா. அதையும் சொல்லுங்க ஐயா. இப்ப எம் மக சுலக்ஷனா பக்கத்து மலையிலதான் கொழுந்து பறிக்கிறா."

"அதுக்குத்தான் தோட்டத்துத் தொரை மேலிடத்துக்குக் கடிதம் எழுதிட்டாரே!"

"குளவிக்கு அத வாசிக்கத் தெரியலீங்க."

சாருஜன் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளவி என்ர வேலை இல்லை. ஆனா இந்தச் செடி வேற கதை. வெளிநாட்டிலயிருந்து வந்தது. விட்டா மலையெல்லாம் பிடிச்சிடும். தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, காணி யாரிட்ட இருக்கோ அவைதான் இதை அழிக்கவேணும்."

கணேசமூர்த்தி கிளையை வாங்கி முகர்ந்தார். "தெனம் எங்கேயோ பாக்கிற பூ மாதிரி இருக்கே..."

"தெனமும் இந்த வழியாத்தானே போறீங்க," என்றாள் ராக்காயி சட்டென்று.

"உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு எழுதுவம்." சாருஜன் புதருக்குள் ஒரு காலை வைத்தார். உள்ளே எங்கோ கும்மென்று ஓர் இரைச்சல். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"தேவையில்லை. இந்தக் கிளையே போதும்."

அங்கேயே நின்று நோட்டீஸ் எழுதினார். பதினான்கு நாளில் மலை முழுக்கத் துப்புரவாக வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு.

பதினைந்தாம் நாள் வந்து பார்த்தார். குளவிக் கூடுகளை ஆள் வைத்து அகற்றி, புதரையெல்லாம் வெட்டியிருந்தார்கள். ஏழாம் நம்பர் மலை மொட்டையாக நின்றது.

"வெட்டிப் போட்டதையெல்லாம் கிளறிப் பாத்தன். அந்தச் செடி ஒண்டுகூட இல்லையே, அம்மா?"

"இல்லீங்களா? நல்லதாப் போச்சு," என்றாள் ராக்காயி, கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தொரை தேத்தண்ணிக்குக் கூப்பிடுறாரு சார்," என்று கணேசமூர்த்தி அவரைப் பங்களாவுக்கு அழைத்துப் போனார்.

பங்களா வாசற்படியின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூ பூத்த முட்புதர்கள், அழகாகக் கத்தரித்து விடப்பட்டிருந்தன. வலது பக்கத்துப் புதரில் ஒரே ஒரு கிளை மட்டும் ஒடிக்கப்பட்டிருந்தது.