ஆல்பத்தில் இல்லாத முகம்

கன்னத்துத் தோலுக்கடியில் நூல் கோத்து, தொய்ந்த முகத்தைத் தூக்கிக் கட்டலாம் என்றார் டாக்டர். ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டுதான் நிற்கும் என்பதையும் மறைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. செய்யறதா இருந்தா, சின்ன வயசு போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க. எவ்வளவு தூக்கணும்னு அதப் பாத்துதான் முடிவு பண்ணுவேன்."

ஐம்பத்திரண்டு வயதுச் செண்பகவல்லி வீட்டுக்கு வந்து ஆல்பங்களைப் பரப்பினாள். மணமேடையில் தலை குனிந்திருந்தாள். மணப்பெண் நிமிரலாகாது என்று அதட்டியிருந்தார்கள். வளைகாப்பிலும் குனிந்திருந்தாள். புதுமனை புகுவிழாவில் கணவர் நெஞ்சு நிமிர்த்தி நிற்க, அவருக்குப் பின்னே அவளுடைய வகிடு மட்டும் தெரிந்தது. அடக்கம் என்று ஊரார் மெச்சிய அந்தக் குனிவுக்கு, அந்தோ, ஓர் இளமையையே வாரிக் கொடுத்திருந்தாள்!

"என்னம்மா, எல்லாப் படத்துலயும் கீழ விழுந்த கம்மலத் தேடுற மாதிரியே நிக்கிற?" என்று சிரித்தாள் மகள் தேன்மொழி.

"தூக்கிக் கட்டினா எந்த முகம் வரும்னு எனக்கே தெரியலடி."

"கண்ணாடியில பாத்திருப்பியே?"

"பொட்டு நேரா இருக்கான்னுதான் பாத்தேன்."

தேன்மொழியின் சிரிப்பு நின்றுவிட்டது.

செண்பகவல்லி எழுந்து பீரோக் கண்ணாடியின் முன் நின்றாள். இரு கைவிரல்களாலும் கன்னங்களை மெல்ல மேலே ஒதுக்கினாள். எவரும் ஏறிட்டுப் பார்த்திராத இளம்பெண் ஒருத்தி எதிரே வந்து நின்றாள், அழகாகத்தான் இருந்தாள்.

"டாக்டருக்கு என்னம்மா சொல்லட்டும்?"

விரல்கள் கடுத்தன. எடுத்தால் அந்த இளம்பெண் போய்விடுவாள்.