அடி வேகவில்லை

ஓவன் கதவு திறந்ததும் சமையலறை முழுக்கக் கோகோ மணம். மகளின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. அதைத் துடைக்கக்கூட மறந்து சிரிக்கிறாள். பால், நெய், முட்டை எல்லாவற்றையும் விட்டதிலிருந்து அம்மா செய்த இனிப்பு எதையும் தொடாதவள், இன்று சித்தியின் தோளில் முகவாயை வைத்து நிற்கிறாள். மூத்த மருமகளான அம்மாவுக்கு வயிறு எரிகிறது. பாலில்லாத மாவின்மேல் ஓரகத்தி வெந்நீரை மடமடவென்று ஊற்றி, "கிளறாதீங்கக்கா, அப்படியே விடுங்க" என்றபோதே, இது உருப்படாது என்று உள்ளுக்குள் குளிர்ந்திருந்தாள். இப்போது என்னடாவென்றால் கேக் பொம்மென்று எழும்பியிருக்கிறது. விடுவாளா? கரண்டியை அடிவரை இறக்குகிறாள். கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ ஏறி வருகிறது. "பாருடி, அடி வேகவே இல்ல!" குரலில் குதூகலத்தை மறைக்க முடியவில்லை. "ஐயோ அம்மா, அதுதான் சாக்லேட் சாஸ்! அந்த வெந்நீர்தான் அடியில போய் இப்படி ஆகுது." சித்தியும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். மகள் முதல் வாயைச் சித்திக்கு ஊட்டுகிறாள். மூத்தவள் தன் கரண்டியைத் தானே ஊதி வாயில் வைக்கிறாள். நாக்கு குறையைத் தேடுகிறது; ஒன்றும் அகப்படவில்லை. "இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்கிறாள். அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.