தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்

“ஓசூர்லேருந்து வந்து மூணு தட்டு கேசரி தின்னவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதோ?”

அண்ணன் சண்முகவேலின் குரல் தெருமுனை வரை போனது. எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்.

மூன்று தட்டு என்பது அநியாயம். ஒன்றுதான். அந்தத் தட்டையும் அவனே கழுவிவைத்தான். தங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முப்பத்துநான்கு வயதுக்குள் பெண் பார்க்க வந்தவர்களில் அவளுக்குப் பிடித்தது அவன் ஒருவனைத்தான்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள் பெரியவர்கள். அவன் மட்டும், முடிவை அவளிடமே சொல்வதாக நம்பரை வாங்கிப் போனான்.

மாதம் ஒன்றாகிறது.

நாமே ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன என்றாள் அவள். பெண் வீட்டுக்காரன் வலியப் போய்க் கேட்டுவிட்டுக் கோவில்பட்டியில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று குதித்தான் அண்ணன்.

மதினி இதிலெல்லாம் தலையிடுவதில்லை. மேஜையில் கிடந்த நாத்தனாரின் போனை எடுத்து நோண்டினாள்.

கண்ட விளம்பரமும் வருகிறதென்று அதில் தடுப்பு போட்டுக்கொடுத்தது அண்ணன்தான். தடுத்ததெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது.

உடனடிக் கடன்.

மனை வாங்கினால் தங்கக் காசு இலவசம்.

முடி உதிர்கிறதா?

யாரோ ஒரு வெளிநாட்டுக் கோடீஸ்வரரின் விதவைக்கு அவள்மேல் தனிப் பாசம்.

அப்புறம் இது:

‘வாழ்த்துகள். தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். உடனடியாகத் தொடர்பு கொள்ளவும்.’

மதினியின் விரல் அழிக்கப் போனது.

நின்றது.

“ஏங்க, கீழ பேரு போட்டிருக்கே. இசக்கிராஜ், ஓசூருன்னு.”

அண்ணன் எட்டிப் பார்த்துத் தானும் ஒருமுறை படித்தான்.

மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. பாவம், நல்ல செய்தியை அவனுக்கு அப்படித்தான் எழுதத் தெரியும். போனுக்கு எங்கே தெரியப்போகிறது?

பதில் தான் போடுவதாக அண்ணன் கை நீட்டினான்.

தங்கை முந்திக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தட்டினாள்.

‘நான் இன்னும் தேர்வு செய்யவில்லை. நேரில் வரவும்.’

ஆவணியில் கல்யாணம். ஓசூருக்குக் குடிபோய்விட்டாள்.

அண்ணன் இப்போதெல்லாம் தன் போனுக்கு வருகிற மனை விளம்பரத்தைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அழிக்கிறான்.

மதினியின் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். கொடுத்திருப்பது அவன் நம்பர்.