ஒத்தடக் கோஷ்டி

"இந்தப் பயிற்சிய அந்தச் சுப்பம்மாளுக்கும் சொல்லிக் குடுத்தீங்கன்னா, நாளையிலிருந்து நான் வாரதில்லைங்க அம்மிணி."

முத்தாயம்மாள் இப்படிக் கறாராகச் சொன்னதும் சௌந்திரத்துக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்தது. அவளுக்கு வேண்டியதே அதுதான்.

சௌந்திரம் சென்னையில் பிசியோதெரபி கடைசி வருஷம் படிப்பவள். ஆராய்ச்சிக்காக மல்லசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். தோள்பட்டை இறுகிப்போய், கொண்டை போடக்கூடக் கை எழாத பெண்கள். பாதிப் பேருக்கு ஒத்தடமும் பயிற்சியும். மீதிப் பேருக்கு இப்போதைக்கு ஒத்தடம் மட்டும், பயிற்சி பிற்பாடு. அதுவரை இந்தக் கோஷ்டி செய்வது அந்தக் கோஷ்டிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆராய்ச்சி செல்லாது. கடைசி வருஷத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டியதுதான்.

"குழாயடி இருக்கற ஊர்ல ரகசியம் நிக்குமாம்மா?" என்று அவளுடைய வழிகாட்டி டாக்டர் அப்புசாமி கிளம்பும்போதே சிரித்தார்.

சௌந்திரம் பள்ளிபாளையத்துக்காரி. இந்தப் பக்கத்துச் சங்கதி தெரிந்தவள். ஊரில் நைசாக விசாரித்தாள். முத்தாயம்மாளும் சுப்பம்மாளும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். எதிரெதிர் வீடு. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் வந்த சண்டையில் பேச்சு நின்று, ஊரே இரண்டு பக்கமாகிவிட்டது. எழவு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட ஆளுக்கொரு திசை பார்த்துத்தான் அழுவார்களாம்.

அந்தக் கோட்டிலேயே சௌந்திரம் பிரித்தாள். முத்தாயம்மாள் பக்கத்துக்குப் பயிற்சி. சுப்பம்மாள் பக்கத்துக்கு ஒத்தடம்.

முத்தாயம்மாள் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றிப் பழகும்போதெல்லாம் வாய் சும்மா இருக்காது. "அவளுக்குக் கை எழாம இருக்கறதே நல்லதுங்க. எழுந்தா எங்க வாய்க்காலைத்தான் வந்து அடைப்பா."

ஆராய்ச்சிக்குத் தோதான ஆள்தான். ஆனாலும் நாளாக ஆகச் சௌந்திரத்துக்கே கசந்தது. இப்படியும் ஒரு நெஞ்சா?

டாக்டர் சோதிக்க வந்தார். முத்தாயம்மாள் கோஷ்டிக்குக் கை காதைத் தாண்டி நன்றாகவே போனது. தலையாட்டினார்.

அடுத்தது ஒத்தடக் கோஷ்டி. முடிந்தவரை தூக்கச் சொன்னார். சுப்பம்மாளின் கை, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி விருட்டென்று மேலே போனது. பின்னால் நின்றவர்களின் கைகளும் அப்படியே. போதாததற்குச் சுப்பம்மாள் சுவரோரம் போய் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றிக் காட்டினாள்.

"இரக்கப்பட்டு நீயே சொல்லிக் குடுத்துட்டியாம்மா?"

சௌந்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக இல்லை என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து நம்பினார். வருஷம் போகாது, வேறு ஊரில் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று தேற்றிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மற்றவர்களுக்குச் சுப்பம்மாள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். சுப்பம்மாளுக்கு யார்? சௌந்திரம் அவளைத் தனியே மறித்துக் கேட்டாள்.

"யாரும் சொல்லலைங்க கண்ணு."

"முத்தாயம்மா?"

"அவளா? அவளுக்கும் எனக்குந்தான் பேச்சே இல்லைங்களே."

"அப்புறம் எப்படிம்மா இது தெரிஞ்சுது?"

சுப்பம்மாள் முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

"அவ ஊட்டுக்குள்ள நாலு செவுரு இருக்குதுங்க. அத்தனையும் உட்டுப்போட்டு, தெனமும் விடிஞ்சதும் எங்க வாசல் பார்த்த வெளிச்செவுத்துக்கு வந்து நிப்பா. நான் வெளிய வார வரைக்கும் இருமிக்கிட்டே இருப்பா. வந்தப்புறந்தான் கையைத் தூக்குவா. நான் தப்பாச் செஞ்சா, ஒரு வார்த்தை பேசாம மறுக்கா முதல்லயிருந்து செஞ்சு காட்டுவாளுங்க."