வெள்ளிக்கிழமை போனவர்

"அவர் போய்ச் சேர்ந்துட்டார்மா. இனிமே போன் பண்ணாதீங்க."

டாக்டர் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாள். கல்லீரல் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதைத்துணுக்கைச் சோதித்து அவளே எழுதியது. வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தடவை கூப்பிட்டும் அந்த மனிதர் போனை எடுக்கவில்லை. இது ஐந்தாவது.

"அடடா! எப்ப?"

"போன வெள்ளிக்கிழமை."

"பேசுறது யாரு?"

"நானா? நான்... தம்பி. கூடப்பிறந்த தம்பி."

மறுமுனையில் டிவியில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சட்டென்று சத்தம் அடங்கியது.

"அவரோட சம்சாரத்துகிட்ட கொஞ்சம் குடுங்களேன்."

"அண்ணி அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க."

"இந்தச் சமயத்துலயா?"

"துக்கம் தாங்கலைம்மா."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, மனசு கேக்கல, அதான் சொல்றேன். உங்க அண்ணனுக்குப் புற்றுநோயே இல்லைங்க."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. "இல்லையா?"

"செல்லெல்லாம் கண்டபடி பெருகாம அடக்கி வைக்க ஒரு புரதம் இருக்கு. புற்றுநோய்னா பெரும்பாலும் அது துடைச்செடுத்த மாதிரி காணாமப் போயிருக்கும். சாயம் ஏத்திப் பார்த்தோம். உங்க அண்ணனுக்குக் குறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. மத்த டெஸ்ட்டும் அதையேதான் சொல்லுது. நோய்க்கு ஒரு படி முன்னாலயே நின்னுடுச்சு. வந்திருந்தா அந்தக் கட்டியைச் சுட்டு அழிச்சு, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ம்... குடுத்து வைக்கல."



"அம்மா... இப்ப வந்தா அதைச் செய்ய முடியுமா?"

"யார் வந்தா?"

"அவர்தான்."

"வெள்ளிக்கிழமை போனவரா?"

"நான்தாம்மா அது!" அழுகையும் சிரிப்புமாகக் குரல் உடைந்தது. "மூணு வாரமா தூக்கமில்ல. அந்த நோயோட பேரைக் காதால கேக்கத் தைரியம் இல்லாமப் பொய் சொல்லிட்டேன். வீட்டுக்காரிகிட்டயும் டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு சமாளிச்சு வச்சிருக்கேன். அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்மா."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு, வெறும் வயித்தோட வாங்க."

"பறந்து வர்றேன்!"

டாக்டர் போனை வைத்தாள். எதிர் நாற்காலியில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அவர் மனைவி, இனி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"செத்துட்டேன்னுதான் சொல்வார்னு நான் சொல்லல? நேத்து என் தங்கச்சி புது நம்பர்லேர்ந்து அவரைக் கூப்பிட்டா. ஆஸ்பத்திரின்னு நினைச்சு அவகிட்டயும் இதே கதைதான். அலறி அடிச்சுட்டு என்கிட்ட ஓடி வந்தா பாவம்! அப்புறம்தான் அவர் ரிப்போர்ட்டுக்குப் பயந்து ஒளியற விஷயமே எனக்குத் தெரிஞ்சுது."

சிரிப்பு மெல்ல நின்றது. கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்தப் புரதம் இருக்கறது, புற்றுநோய் இல்லைங்கறது... அதாச்சும் நிஜம்தானே டாக்டர்?"

"நாங்க ரெண்டு பேரும் பேசினதுல அது ஒண்ணுதாம்மா நிஜம்."